பிடித்து விட்டால் படபடப்பு குறையுமா?

ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருபவரிடம் “என்ன பண்ணுது?” என்று கேட்டால் கழுத்து, தோள்பட்டை, குதிகால் என்றுதான் பதில் வரும். படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, காரணமில்லாமல் பயமாக இருக்கிறது என்பதெல்லாம் நன்றாகப் பழகிய பிறகே வெளிவரும். அதனால்தான் சலூன் நாற்காலியில் “தலைக்கு மசாஜ் போடட்டுமா அண்ணா?” என்ற கேள்விக்குப் பலரும் மறுப்புச் சொல்வதில்லை. விடுதிப் பெண்கள் ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். சித்த மருத்துவமும் தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது வகைத் தொக்கணம், அதாவது உடலைப் பிடித்துவிடும் முறை, சொல்கிறது.

இந்தச் சுகம் வெறும் மனப்பிரமை இல்லை. எது தொட்டது, எங்கே தொட்டது என்று மூளைக்கு நொடியில் சொல்லும் வேக நரம்புகள் தோலில் உண்டு. கை, முதுகு போன்ற ரோமமுள்ள தோலில் இன்னொரு வகையும் இருக்கிறது. அதன் செய்தி நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் நகரும். ஸ்வீடன் ஆய்வாளர்கள் மெல்லிய ஊசி மின்முனையை நரம்புக்குள் செலுத்திப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதே இந்த நரம்பு அதிகம் துடிக்கிறது; அந்த வேகமே இதமாக இருப்பதாக வருடப்பட்டவர்களும் சொன்னார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையை இறக்க ஐந்தாறு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். தூங்காத குழந்தைக்கு அம்மா முதுகைத் தடவும் வேகம் அது.

பதற்றத்துக்கு இது மருந்தாகுமா? 2004இல் 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்விலேயே அப்போதைய பதற்றம் தணிவது தெரிந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலை மசாஜ் பெருமளவு குறைக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வுகளை மறுபடி அலசியபோது அந்தக் குறைவு மிகச் சிறியதாகவே இருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது, 2010இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. தீராத பதற்றம் உள்ள 68 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மசாஜ். இன்னொன்றுக்கு உடம்பில் வெதுவெதுப்பான ஒத்தடம். மூன்றாவது குழுவை மெல்லிய இசையோடு ஓர் அமைதியான அறையில், மூச்சை இழுத்துவிட்டபடி படுக்க வைத்தார்கள், அவ்வளவுதான். 12 வாரத்தில் 10 அமர்வுகள். மூன்று குழுவுக்கும் பதற்றம் குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். லேசாகத் தொடுவதைவிட ஸ்வீடிஷ் மசாஜ் கூடுதலாக உதவியது என்று 2016இல் வந்த சிறிய ஆய்வு ஒன்றும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரமே பாதி வைத்தியம் என்று நான் நினைக்கிறேன்.

நம் தொழிலாளிக்குக் கிடைக்காததும் அதுதான். மூன்று ஷிப்ட்காரர்களை ஒரே அறையில் போட்டால் ஒருவர் கண்ணயரும் நேரத்தில் இன்னொருவர் விளக்கைப் போடுவார். ஒரே ஷிப்டில் இருப்பவர்களை ஒரே அறையில் தங்கவைக்க விடுதிக்கு ஒரு பைசா செலவில்லை. ஷிப்ட் பட்டியல் போடும்போதே நிறுவனங்கள் இதைச் செய்துவிடலாம்.

மசாஜ் செய்துகொள்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சலூனில் கடைசியில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுப்பதை ஏற்காதீர்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அதைப் பிடித்துவிடக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

படபடப்பும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் எண்ணெயை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நிமான்ஸ் மனநல மருத்துவமனை பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அங்கே போக லீவு கிடைக்காதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசலாம்.