பல்லின் வேரும் சொல்லின் வேரும்

வலிக்கும் பல்லைப் பிடுங்கி எறிவதே தீர்வு என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழப் பதிந்துள்ளது. தோட்டங்களில் வாழ்ந்த காலத்தில் பல் மருத்துவர் எட்டாத் தொலைவில் இருந்தார். பிடுங்குவதே கைக்கெட்டிய வைத்தியம். பூச்சோங்கில் காசல்பீல்டு, கின்ராரா என்னும் தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் எஞ்சி நிற்கின்றன. தோட்டங்கள் குடியிருப்புகளாயின, கடைவரிசைகளில் பல் மருத்துவ நிலையங்கள் பெருகின. பழைய எண்ணம் மட்டும் மாறவில்லை.

இதில் சொல்லுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. மருத்துவர் 'ரூட் கெனால்' என்கிறார். வீட்டுக்கு வந்தவர் அதனை 'வேரை எடுக்கும் வைத்தியம்' என்றோ 'நரம்பை அறுப்பது' என்றோ எடுத்துரைக்கிறார். தமிழில் வேரறுத்தல், வேரோடு களைதல் என்பனவெல்லாம் அழிவைக் குறிக்கும் வழக்குகள். எனவே பல்லைக் காக்கும் சிகிச்சை, கேட்பவர் செவியில் பல்லை அழிக்கும் சிகிச்சையாக ஒலிக்கிறது. 'எப்படியும் அறுக்கத்தானே போகிறார்கள், பிடுங்கிவிடுவோம்' என்று முடிவு செய்வோர் உளர்.

பல் போனால் சொல் போச்சு என்பது வெறும் எதுகை அன்று. தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துகள் பிறக்கும் உறுப்புகளுள் பல்லையும் வைத்து எண்ணுகிறது. நா நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. கீழுதடு மேற்பல்லைத் தொட வகரம் தோன்றுகிறது. முன்பல் இழந்த மாணவர் 'வந்தான்' என்று சொல்லும்போது இம்மூன்று ஒலிகளும் தளர்வதை ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள். கடைவாய்ப் பல் போனால் ஒலிப்பில் பெரிய மாற்றம் இராது. ஆனால் பக்கத்துப் பற்கள் அவ்விடைவெளியை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் மெல்ல நீண்டு இறங்கும், மெல்லுதல் கெடும்.

பல்லின் வெளியே எனாமல், அதனுள் டென்டின், நடுவே பற்கூழ். குருதிக்குழாய்களும் நரம்புகளும் இப்பற்கூழில் உள்ளன. அது பல்லின் தலைப்பகுதியில் ஓர் அறையாகவும், வேர்களுக்குள் மெல்லிய குழல்களாகவும் அமைந்து, வேர் நுனியிலுள்ள சிறு துளை வழியே தாடையோடு தொடர்பு கொள்கிறது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழல். கீழ்க்கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர்களும் பெரும்பாலும் மூன்று குழல்களும் இருக்கும். சொத்தை டென்டினைத் துளைத்துக் கூழை எட்டியதும் அங்கே அழற்சி உண்டாகிறது. உடலின் பிற பகுதிகளில் அழற்சி வந்தால் சதை வீங்கி இடங்கொடுக்கும்; இங்கோ சுற்றிலும் கடினச் சுவர். வீக்கத்திற்கு இடமின்றி அழுத்தம் பெருகுவதே இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அவ்வலிக்குக் காரணம்.

சில நாள்களில் வலி தானே நின்றுவிடுவதுண்டு. கிராம்பு கேட்டது என்று மகிழ்வோம். உண்மையில் கூழ் மடிந்திருக்கும். நுண்ணுயிர்கள் வேர் நுனியைக் கடந்து எலும்பருகே சீழ்க்கட்டியை உண்டாக்கத் தொடங்கியிருக்கும். வலி நின்ற பல்லே மருத்துவரிடம் விரைந்து காட்ட வேண்டிய பல்.

சிகிச்சையின் நோக்கம் எளிது: கெட்ட கூழை அகற்று, குழலைத் தூய்மை செய், மீண்டும் கிருமி புகாமல் அடை. மரப்பூசி செலுத்தி, எச்சில் படாதிருக்க அப்பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு பொருத்துவர். பல்லின் மேற்பரப்பில் துளையிட்டு, மயிரிழை போன்ற அரங்களால் குழலைச் சுரண்டி விரிப்பர். சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலால் கழுவுவர். குழலின் நீளத்தை எக்ஸ்ரே படத்தாலும் மின்கருவியாலும் அளந்துகொள்வர். பிறகு நிரப்புதல்.

நிரப்பும் பொருள்தான் மொழி மாணவர்க்குச் சுவையானது. அதன் பெயர் கட்டா பெர்ச்சா. உலகெங்கும் பல் மருத்துவர் வழங்கும் இப்பெயர் மலாய்ச் சொல். நாம் நாள்தோறும் கேட்கும் 'கெத்தா', அதாவது மரப்பால், அதன் முதற்பகுதி. தீபகற்பக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால் அது. வெந்நீரில் இளகி, விரும்பிய வடிவம் கொண்டு, ஆறியதும் இறுகும் அப்பொருளால் மலாய் மக்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்தனர். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்னும் அறுவை மருத்துவர் 1843ஆம் ஆண்டளவில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் கிடத்திய தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று. தேவை பெருகவே மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. 1867இல் போமன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் அதனை வேர்க்குழலில் நிரப்பினார். தந்தித் துறை அப்பொருளைக் கைவிட்டது. பல் மருத்துவம் இன்றுவரை விடவில்லை. இன்றைய நிரப்புக் குச்சியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே அந்தப் பால். மிகுதியும் துத்தநாக ஆக்சைடு. நம் முன்னோர் சீவிய ரப்பர்ப் பாலுக்கும் இதற்கும் அடிப்படை மூலக்கூறு ஒன்றே. அடுக்கு முறை மட்டும் வேறு. அதனால் ஒன்று நீள்கிறது, மற்றொன்று இறுகுகிறது.

மலாயில் இச்சிகிச்சையை 'ராவாத்தான் சாலூரான் ஆக்கார்' என்பர். வேரிலுள்ள குழலுக்குச் செய்யும் சிகிச்சை என்பது அப்பெயரிலேயே தெளிவாகிறது. தமிழில் 'வேர்ச் சிகிச்சை' என்று சுருக்குவதைவிட 'வேர்க்குழல் சிகிச்சை' என்பதே தக்கது. 'வேர்க்கால்வாய்' என்போரும் உளர்; கால்வாய் வயலுக்குப் பொருந்தும், மயிரிழைத் துளைக்குப் பொருந்துமோ என்பது ஐயம். 'செத்த பல்' என்னும் வழக்கையும் விடலாம். கூழ் நீங்கினாலும் வேரைத் தாடையோடு பிணைக்கும் நார்த்திசு உயிரோடிருக்கிறது. குளிர்நீர் கூசாது, ஆனால் சோற்றில் கல் கடிபட்டால் அந்தப் பல்லும் உணரும்.

எல்லாப் பல்லையும் இவ்வாறு காக்க இயலாது. வேர் நெடுகப் பிளந்திருந்தாலோ, தாங்கும் எலும்பு பெரிதும் கரைந்திருந்தாலோ பிடுங்குவதே முறை. காப்பாற்றிய கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மேலுறை தேவைப்படும். சொத்தையாலும் துளையிடலாலும் அதன் சுவர் மெலிந்திருக்கும். முதல் வருகையில் வலி தீர்ந்ததும் இடைக்கால அடைப்போடு நின்றுவிடுவோர் உண்டு. அவ்வடைப்பு சில வாரங்களுக்கானது. அது தேய்ந்து கசிந்தால், தூய்மை செய்த குழலுக்குள் கிருமிகள் மறுபடி நுழைந்துவிடும்.