ஓட்டுக் கூரையில் ஒரு குழாய்

புதுச்சேரியின் தமிழர் வீதிகளில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட ஓட்டு வீடுகள் இன்னும் உள்ளன. சமையற்புகையோ கழிவறைக் காற்றோ வெளியேற, சில வீடுகளில் கூரையைத் துளைத்துக் குழாய் நிறுத்தியிருப்பார்கள். கூரை ஒழுகுகிறதென்றால் நான் முதலில் நோக்குவது அவ்விடத்தையே.

சரிவில் இறங்கும் நீர் குழாயின் மேற்புறத்தில் முட்டித் தேங்குகிறது. சுற்றிலும் சிமென்ட் பூசினால் போதாதோ என்பீர்கள். வெயிலில் குழாயும் ஓடும் ஒரே அளவில் விரிவதில்லை; நாளடைவில் பூச்சு வெடிக்கும்; கசிந்த நீர் கைமரத்தை மக்கச் செய்யும்.

ஆகவே குழாயைச் சுற்றித் தகடு பொருத்துகிறார்கள். அதன் மேல்விளிம்பு மேல்வரிசை ஓட்டுக்கு அடியில் செருகப்பட வேண்டும். கீழ்விளிம்பு கீழ்வரிசை ஓட்டின்மேல் படிய வேண்டும். மாற்றி வைத்தால் தகடே நீரை வீட்டுக்குள் அழைத்து வரும்!

செங்குத்தான குழாய் சரிந்த கூரையைக் கடக்கும் துளை வட்டமன்று, நீள்வட்டம். 10 செ.மீ. குழாய்க்கு 30 பாகைச் சரிவில் அதன் நீளம் ஏறக்குறைய 11.5 செ.மீ.; 45 பாகையில் 14 செ.மீ. ஒரு சரிவுக்குச் செய்த தகடு வேறொன்றுக்குப் பொருந்தாமை இதனால்தான். மடிப்புகள் கொண்ட ரப்பர்க் கழுத்தோ எச்சரிவுக்கும் வளைந்து கொடுத்துக் குழாயை இறுகப் பற்றும். ஆயினும் ரப்பரும் வெயிலில் மூப்படையும். புரட்டாசியிலேயே ஏணி வைத்துப் பார்த்துவிடுவது நன்று. 2024 நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயலின்போது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்த ஊரன்றோ இது!