யாருடைய மளிகைப் பட்டியல்?

2025 நவம்பர் 12 அன்று இந்தியாவின் அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் வெளியானது: 0.25 சதவீதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டெண் வரிசையில் அதற்குமுன் இவ்வளவு குறைந்த எண் வந்ததே இல்லை. மகள் கல்யாணத்துக்கு நகை சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ, அதே அக்டோபரில் தங்கம் முந்தைய ஆண்டைவிட 50 சதவீதத்துக்குமேல் ஏறியிருந்தது. இரண்டுமே உண்மை.

விலை சேகரிப்பில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அந்த வரிசைக்காக 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் மாதாமாதம் விலை விசாரித்தார்கள். போன மாதம் கேட்ட அதே கடை, அதே ரகம், அதே அளவு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஐந்து ரூபாயாகவே இருந்து, உள்ளே சில கிராம் குறைந்திருந்தால் அதையும் விலையேற்றமாகத்தான் கணக்கிட வேண்டும்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. சேகரித்த விலைகளைச் சும்மா கூட்டிச் சராசரி எடுக்க முடியாது. குடும்பச் செலவில் எதற்கு எவ்வளவு பங்கோ, அதற்கேற்ப ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை தரவேண்டும். அந்த வரிசையில் உணவு, பானங்களுக்கு 45.86 சதவீதம், காய்கறிக்கு மட்டும் சுமார் 6, தங்கத்துக்கு ஒன்றைச் சற்றே தாண்டிய எடை. அந்த அக்டோபரில் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிடக் கால் பங்குக்குமேல் இறங்கியிருந்தது. தங்கத்தின் ஏற்றத்தால் அந்தச் சரிவை ஈடுகட்ட முடியவில்லை.

இந்த எடைகள் எங்கிருந்து வந்தன? 2011-12-இல் வீடு வீடாக நடத்திய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து. 2017-18-இல் மறுபடியும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு அதன் முடிவுகளை வெளியிடவில்லை. 2022-23 கணக்கெடுப்பு வந்தபோதுதான் குடும்பங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது தெரிந்தது. 2011-12-இல் கிராமத்துக் குடும்பச் செலவில் உணவின் பங்கு ஏறத்தாழ 53 சதவீதம். அது 46 ஆகச் சுருங்கியிருந்தது. ஆனால் குறியீட்டெண்ணுக்குள் பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருந்தது. தக்காளி ஏறினாலும் இறங்கினாலும் தேசத்தின் பணவீக்கம் அளவுக்குமீறி ஆடியதற்கு அதுவும் ஒரு காரணம். ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை முடிவுசெய்வது இந்த எண்ணை முன்னால் வைத்துத்தான்.

இதைவிட மனத்தைச் சுடும் கணக்கு ஒன்று உண்டு. விவசாயத் தொழிலாளர்களுக்கென்று தொழிலாளர் துறை தனியாக ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. நூறு நாள் வேலைத் திட்டக் கூலியை ஆண்டுதோறும் உயர்த்தியது அதைப் பார்த்துத்தான். 1986-87-ஐ அடிப்படையாகக் கொண்ட அந்த வரிசையின் எடைகள் 1983-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எடுத்தவை. அவற்றில் உணவுக்கு மட்டும் சுமார் 69 சதவீதம். செல்போன் ரீசார்ஜ் அந்தப் பட்டியலில் இருந்திருக்க வழியே இல்லை. மருத்துவத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் 1983-இல் செலவழித்த விகிதம்தான். 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை 2025-இல்தான் வந்தது. அதுவரை, நாட்டின் மிக ஏழைத் தொழிலாளர்களின் கூலி அவர்களுடைய தாத்தா காலத்து மளிகைப் பட்டியலோடு கட்டப்பட்டிருந்தது. இதைக் கணக்குச் சிக்கல் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது.

இலவச அரிசியும் கணக்கைத் திணறவைக்கும். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். 2023 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதும் தானியம் இலவசம். ஒரு பொருளுக்குப் பல இடங்களில் கிடைத்த விலைகளைச் சேர்க்க இங்கே பெருக்குச் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள். பெருக்கலில் ஒரே ஒரு பூஜ்யம் விழுந்தால் மொத்தமும் பூஜ்யம். விலையே இல்லாத அரிசியை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டும் புள்ளியியல் அமைச்சகம் விவாத அறிக்கை வெளியிட்டது.

சில்லறைப் பணவீக்கத்துக்கு 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை 2026 பிப்ரவரியில் வந்தது. எடைகள் 2023-24 கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. உணவின் பங்கு சுமார் 37 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பழைய வரிசையில் வீட்டு வாடகை நகரத்துக்கு மட்டும்தான் இருந்தது. சிப்காட் ஆலைக்கு வேலைக்கு வந்து, பக்கத்துக் கிராமத்தில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுப்பவரின் செலவுக்கு அதில் இடமே இல்லை. இப்போது கிராமத்து வாடகையும் விசாரிக்கப்படுகிறது.