உங்களுக்குத் தெரியுமா? மாதம் நிறையாத பிரசவங்கள்

● 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 2020-இல் உலகம் முழுக்க அப்படிப் பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம்.

● ‘ஏழு மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது’ என்பார்கள் பாட்டிமார். தவறு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் நுரையீரலுக்கு லாபமே.

● பழுத்த பப்பாளியைக் கண்டு அலறும் வீடுகளில், சிறுநீர்த் தொற்றைப் பற்றிப் பேச்சே இருக்காது. வேலைக்குப் போகும் கர்ப்பிணிக்கு, சென்னைப் புறநகரான முடிச்சூரிலிருந்து பஸ், தாம்பரத்தில் மின்சார ரயில், பிறகு நாள் முழுக்க வேலை. வழியில் நல்ல கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் தொற்றுக்கு வாசல். அது சிறுநீரகம்வரை ஏறினால் பிரசவ வலியே முன்கூட்டி வரலாம். எரிச்சல் இல்லாமலும் தொற்று இருக்கலாம். செக்கப்பில் சிறுநீர்ப் பரிசோதனை கேட்பது அதற்காகவும்தான்.

● முந்தைய பிரசவம் குறைமாதமா? இதுவும் அப்படி ஆக வாய்ப்பு அதிகம். முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பைவாய் நீளக் குறைவு, அடுத்தடுத்த கர்ப்பம் ஆகியவையும் இதே பட்டியலில். கணவர் விடும் சிகரெட் புகையும்தான்!

● ரத்தசோகையும் ஒரு காரணி. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை பீரோவில் இருந்து பயனில்லை.

● போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-இல் வெளியிட்ட முடிவு: கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் சுமார் இரு மடங்கு. குறைமாதப் பிரசவத்துக்கும் வெப்பம் ஒரு காரணி.

● நல்ல நட்சத்திரம் பார்த்து, காரணமின்றி 39 வாரத்துக்கு முன்பே சிசேரியன் கேட்பது குழந்தைக்கு நல்ல நேரமல்ல.

● 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியது. ஜனவரியில்தானே பிரசவத் தேதி என்று இருந்துவிடாதீர்கள். அடைமழைக்கு முன்பே மேட்டுப்பகுதியில் ஓர் உறவினர் வீட்டைப் பேசி வையுங்கள். மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டு வயிறு இறுகினாலோ, இடுப்பு வலித்தாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள். நேரத்தோடு போனால், குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசியைத் தாய்க்குப் போட அவகாசம் கிடைக்கும்.