இமைக்கும் முன் சொல்லுங்கள்

பூட்டிய அறையொன்றில் சிமெண்டும் இரும்புக் கம்பியும் கொண்டு செய்த ஒரு பிரதிமை நிற்கிறது. யாரேனும் ஒருவர் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் அது அசைவதில்லை. பார்வை விலகினாலோ, கண் இமைக்கும் அந்தச் சொற்ப நேரத்திலேயே வந்து கழுத்தை முறித்துவிடும். ஆகையால் அறைக்குள் போகிறவர்கள் மூவருக்குக் குறையாமல் போக வேண்டும், போனதும் கதவைத் திரும்பப் பூட்டிவிட வேண்டும், இருவர் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்கலாகாது என்று விதி எழுதியிருக்கிறது. இமைப்பதற்கு முன் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர்களுக்கு இட்டிருக்கும் கட்டளை.

2007ஆம் ஆண்டில் பெயரைத் தெரிவிக்காத ஒருவர் இணையத்தில் எழுதி வைத்த சிறு கதை இது. கதாநாயகன் இல்லை, சம்பாஷணை இல்லை, வர்ணனையும் அநேகமாக இல்லை. பொருள் எண் 173, அதன் தரம் இன்னது, அதை வைத்துக் காக்கும் முறை இன்னது என்று ஒரு குமாஸ்தா கோப்பில் குறித்து வைத்தாற்போல் எழுதிய எழுத்து. அந்த ஒரு கோப்பைப் படித்தவர்கள் அதே நடையில் இன்னொன்றை எழுத, அதைப் படித்தவர்கள் மற்றொன்றை எழுத, அடுத்த ஆண்டே அவற்றுக்கென்று தனியிடம் ஏற்பட்டு, இன்று ஆயிரக்கணக்கான கோப்புகளும் அவற்றைச் சுற்றிப் படர்ந்த கதைகளுமாக ‘எஸ்.சி.பி. ஃபவுண்டேஷன்’ என்னும் ஒரு கற்பனைப் பிரபஞ்சம் விரிந்து கிடக்கிறது. இயற்கையின் நியதிக்கு அடங்காத வஸ்துக்களையும் ஜந்துக்களையும் உலகத்தின் கண்ணில் படாமல் பிடித்து அடைத்து வைக்கும் ரகசிய ஸ்தாபனம் ஒன்று இருக்கிறது என்பதே அந்தப் பிரபஞ்சத்துக்கு ஆதாரமான பாவனை.

பேய்க்கதை எழுதுகிறவன் வழக்கமாக நள்ளிரவையும் ஊளையையும் துணைக்கு அழைத்துக்கொள்வான். இவர்களோ அலுவலகப் பாஷையை அழைத்துக்கொண்டார்கள். இவர்களுடைய சிருஷ்டியில் என் மனத்தை முதலில் கவர்ந்தது அதுதான். ஸ்தாபனம் தன் பொருள்களைச் சேஃப், யூக்ளிட், கெட்டர் என்று தரம் பிரிக்கிறது. சேஃப் என்றால் தீங்கற்றது என்று பொருளில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தால் கிடந்தபடி கிடக்கும் என்பதே பொருள். அழுத்தினால் பூமியையே பஸ்பமாக்கும் பொத்தானாக இருந்தாலும், யாரும் தொடாத வரையில் அதுவும் சேஃப்தான். கோப்பின் நடுவிலே வரிகள் மைபூசி அழிக்கப்பட்டிருக்கும். அந்தக் கறுப்புப் பட்டைக்குக் கீழே என்ன இருந்திருக்கும் என்று வாசகனுடைய மனம் தானே எழுதிக்கொள்ளும் வரியை எந்த எழுத்தாளனாலும் எழுதிவிட முடியாது.

ஆனால் உண்மையான பயங்கரம் அந்த ஜந்துக்களிடத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டி வகுப்பு ஊழியர்கள் என்று சிலர் கோப்புதோறும் வருகிறார்கள். பெரும்பாலும் மரண தண்டனை பெற்ற கைதிகள். ஆபத்தான பரிசோதனைக்கெல்லாம் அவர்களையே அனுப்புவார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும் உண்டு. ஒருவன் செத்துப்போனால் பொருளின் குணம் இன்னதென்று தெரிந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கோப்பு மேலே போய்விடுகிறது. மனிதகுலத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஒரு ஸ்தாபனம் மனிதனை எவ்வளவு நிதானமாகச் செலவழிக்கிறது என்பதை அந்த ஒற்றை வரி காட்டிவிடுகிறது.

இந்த இருள் ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்கு எப்படிப் பாய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் 3000ஆம் எண்ணைப் படிக்க வேண்டும். பீதி என்பதையே பொருளாக வைத்து 2017இல் நடந்த போட்டியில் வென்று அந்த எண்ணைப் பெற்ற கதை அது. அதன் பெயர் அனந்தசேஷா. நம் கரையைத் தொடும் வங்காள விரிகுடாவின் அடியிலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ளதாக மதிக்கப்படும் விலாங்கு போன்ற ஒரு பிராணி கிடக்கிறது. பெரும்பாலும் அசைவதில்லை. அதன் சமீபத்தில் இருப்பவர்களுக்கு இனம்புரியாத நடுக்கம் உண்டாகும். பிறகு ஞாபகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, தம்முடையவை எவை, பிறருடையவை எவை என்று தெரியாமற் போகும். மற்றக் கோப்புகளில் ஸ்தாபனத்தார், காணக்கூடாததைக் கண்டுவிட்ட சாமானிய ஜனங்களுக்கு மறதி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது சர்வசாதாரணமான நிகழ்ச்சி. வாசகன் அதைக் கருணை என்றுகூட எண்ணியிருப்பான். அந்த மருந்துக்கு மூலப்பொருள் இந்தப் பிராணி இரை தின்னும்போது கசியும் திரவம் என்றும், அதற்கு இரையாகப் போகிறவர்கள் அந்த எண்ணிட்ட மனிதர்களே என்றும் இங்கே தெரிய வருகிறபோது, முன்பு படித்த அத்தனை கோப்புகளும் மனத்துக்குள் நிறம் மாறிவிடுகின்றன. பாற்கடலிலே பகவானைத் தாங்கும் ஆதிசேஷனின் பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் பெயரை மறதிக்கு வைத்தது சற்று உறுத்தலாம், எனக்கும் உறுத்தியது. ஆனால் பிரளயத்துக்குப் பின்னும் எஞ்சுவது எதுவோ அதுவே சேஷம் என்று நினைத்துப் பார்த்தபோது, எல்லார் நினைவும் கரைந்த பின்னும் கடலடியில் அது மட்டும் மிஞ்சிக் கிடப்பதில் ஒரு பொருத்தம் இருப்பதை மறுக்க முடியவில்லை.

இத்தனை பேர் எழுதுகிற உலகத்தில் முரண்பாடு வராதா? வரும். முதல் எண்ணாகிய 001க்கே பல கோப்புகள் உண்டு. ஸ்தாபனம் தோன்றிய விதத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். எது பிரமாணம் என்று தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு புராணம் இருக்கக் கண்ட நமக்கு இது புதிதன்று.

இவை யாவும் பொதுச்சொத்தைப் போலப் புழங்குவதற்குக் காரணம் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் உரிம ஏற்பாடு: எவரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் மூலகர்த்தாவைச் சொல்ல வேண்டும், தாம் ஆக்கியதையும் அதே விதிப்படி பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும். 2012இல் ஃபின்லாந்துக்காரரான யோனாஸ் ரிக்கோனென் இந்தக் கோப்புகளைக் கொண்டு ஆக்கிய கணினி விளையாட்டு இலவசமாகப் பரவியது அப்படித்தான். இதற்கு விலையும் உண்டு. நினைவில் நிற்க மறுக்கும் பொருள்களைப் பற்றிச் சாம் ஹியூஸ் இந்த உலகத்துக்குள் எழுதிய நாவல், வணிகப் பதிப்பாக 2025இல் வந்தபோது, ஸ்தாபனத்துக்குரிய பெயர்களையெல்லாம் களைந்துவிட்டே வர நேர்ந்தது.

இந்த உலகத்துக்கு எல்லாரும் தம் படைப்பை மனமொப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒருவரிடமிருந்து கேளாமலே எடுத்தார்கள். 173ஆம் கோப்பின் தலைப்பிலே இருந்த புகைப்படம், ஜப்பானியக் கலைஞர் இஸுமி கட்டோ 2004இல் பெயரிடாமல் படைத்த சிற்பத்தைக் காட்டுவது. தம்முடைய படைப்பு கழுத்தை முறிக்கும் பிசாசாக உலகமெங்கும் அறியப்படுவதை அவர் விரும்பவில்லை. ஆயினும் பணம் பண்ணாத வரையில் இருக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டார். விற்பனைக்கும் இடங்கொடுக்கும் அவர்களுடைய விதியோடு இது ஒருநாளும் பொருந்தவில்லை. 2022 பிப்ரவரியில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். பதினைந்து வருஷ காலம் லட்சோப லட்சம் பேர் கண்டு நடுங்கிய முகம் அது. இன்று அந்தக் கோப்பைத் திறப்பவருக்குப் பார்க்க எதுவும் இல்லை. மூவர் உள்ளே போவதும், கதவு பூட்டப்படுவதும், இருவர் விழித்தபடி நிற்பதும் எழுத்தில் மட்டும் இருக்கின்றன.