வீட்டு மூலையில் ஒரு சிறு கடல்
உவர்நீர் மீன் தொட்டியைத் திட்டமிட்டு அமைக்கும் முறை

நிலத்தைப் பண்படுத்திய பின்னரே விதைக்க வேண்டும் என்பதை நம் உழவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால், கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்க்க விரும்புவோருள் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். தொட்டி, நீர், மீன் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து ஒரே மாலையில் சேர்த்து விடுகின்றனர். நன்னீர் மீன்களுள் சில இதனைத் தாங்கிக் கொள்ளக்கூடும். கடல் மீன்களுக்கோ அத்தகைய தாங்குதிறன் குறைவு. சில நாட்களுக்குள் அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. செலவிட்ட பொருளும் வீணாகின்றது.

நகரங்களில் விடுதிகளிலும் காட்சிச் சாலைகளிலும் பவழப் பாறைத் தொட்டிகளைக் கண்டவர்கள், இத்தகைய தொட்டியை நம் வீட்டிலும் அமைக்க இயலுமா என்று வினவுகின்றனர். கடற்கரைச் சிற்றூர்களில் இவ்விருப்பம் மிகுதி. இயலும் என்பதே நம் விடை. ஆயினும், மூன்று செய்திகளை முதலில் உணர்ந்து கொள்ளுதல் வேண்டும். மீன் கடைசியில் வர வேண்டியது. கடலிலிருந்து பவழத்தை எடுத்தல் சட்டப்படி குற்றம். தொட்டியிலிருந்து வெளியேறும் உப்பு நிலத்துக்குப் பகை. இவற்றை மனத்திற் கொண்டு, தொட்டி அமைக்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

இடமும் எடையும்

வீட்டுக் கூடத்தின் மூலை பெரும்பாலும் பயன்படாது கிடக்கும் இடம். அங்கே தொட்டி அமைத்தால் நடமாட்டத்துக்குத் தடை இராது. இரு சுவர்களை ஒட்டி 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு பக்கங்களும், அவற்றின் முனைகளில் 30 சென்டிமீட்டர் அளவுள்ள இரு சிறு பக்கங்களும், முன்புறம் சாய்வாக ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணாடியும் கொண்ட ஐந்து பக்கத் தொட்டி மூலைக்குப் பொருந்தும். இதில் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 230 லிட்டர் கொள்ளும்.

இத்தொட்டியின் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். நீர் மட்டும் 236 கிலோகிராம். பத்து மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஏறத்தாழ 50 கிலோகிராம். பாறையும் மணலும் மற்றோர் ஐம்பது. ஆகவே, 75 கிலோ எடையுள்ள நெல் மூட்டைகள் நான்கரையை ஒரு மூலையில் அடுக்கி வைத்தாற்போன்ற பாரம் இது. தரை மட்டத்திலுள்ள உறுதியான சிமெண்டுத் தரையே இதற்குத் தகுந்தது. மாடியில் வைக்க எண்ணுவோர் கட்டடம் அறிந்தவரைக் கலந்து கொள்ள வேண்டும்.

இரும்பு நிலை உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். செங்கல் தூண்களின்மேல் கடப்பைக் கல் பாவி அமைக்கும் மேடை மலிவானது, நெடுநாள் உழைப்பது. மேடை சமமட்டமாக உள்ளதா என்று இரசமட்டம் கொண்டு பார்த்து, அதன்மேல் தெர்மோகோல் பலகை ஒன்றை விரித்துத் தொட்டியை வைக்க வேண்டும்.

மூலைத் தொட்டிக்கு ஒரு குறைபாடு உண்டு. முன் கண்ணாடியிலிருந்து பின் மூலை ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. கை எட்டாத அவ்விடத்தில் நீர் தேங்கி அழுக்குப் படியும். ஆதலின், சுவருக்கும் தொட்டிக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். நீரோட்டம் உண்டாக்கும் பம்பு ஒன்று அம்மூலையை நோக்கி நீரைச் செலுத்துமாறும் அமைத்தல் வேண்டும்.

நேரடி வெயில் படும் சன்னலருகே தொட்டியை வைக்கலாகாது. வெயிலால் பாசி பெருகும், நீரும் சூடேறும். தொட்டி நீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நன்று. நம் கோடையில் இதனைக் காப்பது எளிதன்று. நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியின் காற்றுப் படும்படி வைத்தால் நீர் ஆவியாகி ஓரளவு குளிரும்.

கடல்நீரைப் பெறுதல்

கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. இவற்றுள் சோற்றுப்பே பெரும்பகுதியாயினும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புக்களும் உள்ளன. ஆதலின், சமையல் உப்பைக் கரைத்த நீர் கடல்நீர் ஆகாது. அதில் கடல் உயிர்கள் வாழா.

கடற்கரையில் வாழ்வோர் இயற்கைக் கடல்நீரையே பயன்படுத்தலாம். ஆற்று முகத்துவாரம், துறைமுகம், சாக்கடை சேரும் இடம் ஆகியவற்றின் அருகே நீர் எடுக்கலாகாது. மழைக்காலத்தில் வெள்ளநீர் கலந்திருக்கும்போதும் எடுத்தல் தகாது. கொணர்ந்த நீரைத் துணியில் வடிகட்டி, மூடிய பிளாஸ்டிக் கலன்களில் ஒரு வாரம் இருட்டில் தெளிய விட்டுப் பின்னர்ப் பயன்படுத்த வேண்டும். உள்நாட்டினர் கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்புக் கலவையை நன்னீரில் கரைத்துக் கொள்ளலாம். 230 லிட்டருக்கு எட்டு முதல் ஒன்பது கிலோகிராம் வரை தேவைப்படும். கரைப்பதற்குத் தூய மழைநீரோ, கரைந்த உப்புக்களை நீக்கும் கருவியில் சுத்திகரித்த நீரோ ஏற்றது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புக்கள் கலவையின் அளவைக் கெடுக்கும்.

நீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். அது 1.025 என்ற அளவை ஒட்டிக் காட்ட வேண்டும். தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகிக் குறையும். அக்குறையைக் கடல்நீரால் நிரப்புவது தவறு. வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளங்களைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். நீர் ஆவியாகிச் செல்கின்றது; உப்பு தங்கி விடுகின்றது. எனவே, ஆவியான அளவுக்கு நன்னீரையே சேர்க்க வேண்டும்.

பாறை எங்கிருந்து வரும்?

தொட்டியினுள் பாறை அழகுக்காக மட்டும் அமைவதன்று. அதன் நுண்துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே நீரைத் தூய்மை செய்கின்றன. இப்பாறையைக் கடலிலிருந்து எடுத்து வருவது எளிது என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு ஒருபோதும் செய்யலாகாது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவழப் பாறைகள் அமைந்துள்ளன. இப்பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முற்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் இங்குப் பவழப் பாறைகளை வெட்டி எடுத்தனர். அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற பாறை அழிந்தமையால் தீவுகளின் கரைகள் அரிக்கப்பட்டன. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரு தீவுகளும் கடல் மட்டத்துக்குக் கீழே சென்று விட்டன. இதனுடன் கடல்நீர் மிகுதியாகச் சூடேறியமையால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவழங்கள் வெளுத்து, பல மடிந்தன. குஞ்சு மீன்கள் ஒதுங்கி வளரும் இடம் இப்பாறைகளே. அவை குறைந்தால் மீனவர் வலையில் விழும் மீனும் குறையும்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பாறை அமைக்கும் பவழங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிரினங்களைப் பிடிப்போருக்கும் விற்போருக்கும் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இச்சட்டம் வகை செய்கின்றது. செத்த பவழக் கல்லாயிற்றே என்று சமாதானம் கூறுவதும் சட்டத்தின் முன் செல்லாது.

அப்படியாயின் பாறைக்கு என்ன செய்வது? சிமெண்டு, கிளிஞ்சல் நொய் இவற்றைக் கலந்து, துளைகள் விழும்படி கல் உப்பையும் சேர்த்துப் பிசைந்து, வேண்டிய வடிவில் வார்த்துக் கொள்ளலாம். இறுகிய பின்னர் நன்னீரில் ஊறப்போட்டு, நீரை அடிக்கடி மாற்றி வர வேண்டும். உப்புக் கரைந்து துளைகள் உண்டாகும். சிமெண்டின் காரமும் சிறிது சிறிதாக நீங்கும். இதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். காரம் நீங்காத சிமெண்டு மீனுக்கு நஞ்சாகும். அடியில் பரப்புவதற்குக் கோழித் தீவனத்துக்கென விற்கப்படும் கிளிஞ்சல் நொய்யை நன்கு கழுவி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு இடலாம். பாறைகளைச் சுவர்போல் நெருக்கி அடுக்காமல், இடையே நீர் புகுந்து செல்லுமாறு அமைத்தல் வேண்டும்.

கருவிகளும் மின்சாரமும்

நீரோட்டப் பம்பு, நுரையுடன் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி, விளக்கு ஆகியவை போதுமானவை. மணிக்கு 2,300 லிட்டர், அதாவது தொட்டிக் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு நீரைச் சுழற்றும் பம்பு தகுந்தது. எல்லாக் கருவிகளும் சேர்ந்து சராசரியாக 100 வாட் மின்சாரம் கொள்ளுமாயின், மாதம் 72 யூனிட் செலவாகும். இச்செலவை ஏற்க இயலுமா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக் கொள்ளல் வேண்டும்.

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். ஆகவே, மின்கசிவு நேர்ந்த கணமே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்துவது இன்றியமையாதது. ஒவ்வொரு மின்கம்பியும் இணைப்புத் துளையைவிடத் தாழ்ந்து வளைந்து, பின்னர் மேலேறிச் செல்லுமாறு அமைந்தால், கம்பி வழியே வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியினுள் கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துதல் வழக்கமாக வேண்டும். மின்வெட்டின்போது மீன்கள் மூச்சுத் திணறாதிருக்க, பாட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றையும் வைத்திருத்தல் நன்று.

நீர் பக்குவமாகும் காலம்

வயலில் இடும் யூரியா முதலில் அம்மோனியமாக மாறுகின்றது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் இதே செயல் நிகழ்கின்றது. மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவைத் தருகின்றன. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரைட்டும் தீங்கு விளைவிப்பது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. புதுத் தொட்டியில் இம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை. முதல் நாளே விடப்பட்ட மீன்கள் மடிவதன் காரணம் இதுவே.

ஆதலால், பாறையும் மணலும் நீரும் சேர்த்துப் பம்பை ஓட விட்டு, மீன் இல்லாத தொட்டியில் சிறிதளவு மீன் இரையையோ ஓர் இறால் துண்டையோ இட வேண்டும். அது அழுகி அம்மோனியா உண்டாக, நுண்ணுயிர்களும் பெருகத் தொடங்கும். வாரம் இருமுறை சோதனைக் கரைசல்களால் நீரை ஆராய்ந்து குறித்து வர வேண்டும். அம்மோனியா முதலில் உயர்ந்து தணியும். அடுத்து நைட்ரைட்டு உயர்ந்து தணியும். இவ்விரண்டும் முற்றிலும் இல்லை எனக் கண்ட பின்னரே தொட்டி பக்குவம் அடைந்ததாகக் கொள்ளலாம். இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

எம்மீன்களை விடலாம்?

1947ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மண்டபத்திலும் விழிஞ்சத்திலுமுள்ள தன் மையங்களில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டுள்ளது. இவ்வாறு பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகள் தொட்டி வாழ்வுக்கும் செயற்கை இரைக்கும் பழகியவை. இவற்றை வாங்குவதால் கடலிலுள்ள மீன் குறைவதுமில்லை. கடலில் கோமாளி மீன் கடற்சாமந்தியை அண்டி வாழ்வதாயினும், தொட்டியில் அது இன்றியும் நலமாக வாழும். இம்மீனின் இயல்பு வியப்பானது. எல்லாக் குஞ்சுகளும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பின்னர்ப் பெண்ணாக மாறுகின்றது. முட்டைகளைக் காத்து விசிறும் பொறுப்பை ஆண் மீனே பெரிதும் ஏற்கின்றது.

முதலில் இரண்டு மீன்கள் மட்டும் விட்டு, மூன்று நான்கு வாரங்கள் கழித்தே மேலும் சில சேர்க்கலாம். இத்தொட்டிக்கு ஆறு சிறு மீன்களுக்கு மேல் வேண்டா. இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இரை இட வேண்டும். மிகுதியாக இரையிடுவது மீனுக்கு அன்பு செய்வதாகாது, நீரைக் கெடுப்பதேயாகும்.

வெளியேறும் உப்பு

வாரந்தோறும் தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 23 லிட்டரை, எடுத்துவிட்டுப் புதிய கடல்நீர் சேர்க்க வேண்டும். எடுத்த நீரில் சுமார் 800 கிராம் உப்பு உள்ளது. ஓராண்டில் இது 40 கிலோகிராமுக்கு மேற்படும். இதனைத் தென்னையடியிலோ, காய்கறித் தோட்டத்திலோ, கிணற்றருகிலோ ஊற்றி வந்தால் மண் உவராகும். கிணற்று நீரும் கெடும். நன்னீர்ப் பாசனமுள்ள ஊரினர் இந்நீரை அகன்ற சிமெண்டுத் தட்டில் ஊற்றி வெயிலில் உலர்த்தி, தங்கும் உப்பைத் தனியே சேர்த்து அகற்ற வேண்டும். இதற்கு வசதியில்லாதோர் நன்னீர் மீன் தொட்டியோடு நிறைவடைதலே நலம். எடுத்த நீரை ஓடையிலும் குளத்திலும் விடலாகாது. வேண்டாத மீன்களைக் கடலில் விடுவதும் கூடாது. தொட்டியில் தோன்றும் நோய் கடல் மீன்களுக்குப் பரவ இடமுண்டு.

பஞ்சாயத்துகளின் கடமை

கடற்கரைப் பஞ்சாயத்துகள் தங்கள் பள்ளியிலோ நூலகத்திலோ இத்தகைய தொட்டி ஒன்றை அமைப்பது பயனுள்ள பணி. நாள்தோறும் நீரின் வெப்பத்தையும் அடர்த்தியையும் அளந்து பலகையில் எழுதும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். சிமெண்டுப் பாறையின் அருகே, பவழத்தை ஏன் கடலிலிருந்து எடுக்கவில்லை என்பதை விளக்கும் அறிவிப்பு ஒன்றும் இடம்பெறட்டும். பவழமும் கடல் குதிரையும் விலைக்குக் கேட்டு வரும் வெளியூர் வியாபாரிகளைப் பற்றிக் கிராம சபையில் எடுத்துரைத்து, தண்டனை தங்கள் ஊர் இளைஞர்மேல் விழாதபடி காப்பதும் உறுப்பினர்களின் கடமையாகும்.

தொட்டி அமைக்க எண்ணுவோர் முதற்செலவாக மீன் வாங்க முற்பட வேண்டா. மேடை அமைத்து, பாறை வார்த்து, நீரைப் பக்குவப்படுத்த மூன்று திங்கள் பொறுத்திருக்கட்டும். அதன்பின் விடும் இரண்டு கோமாளி மீன்கள் நன்கு பேணப்பட்டால் பல்லாண்டுகள் அவ்வீட்டில் வாழும்.