ஆறு வயசு ஆயிடுச்சா? இனியும் மாண்டிசோரி சரிப்படுமா?

"பாப்பாவுக்கு ஆறு வயசு முடியப் போகுது. இன்னமும் மணி கோத்துக்கிட்டு, கட்டை அடுக்கிக்கிட்டே இருந்தா எப்படி? ஒண்ணாங் கிளாஸுக்கு வேற ஸ்கூல் பாருங்க..."

பிள்ளையை மாண்டிசோரி பள்ளியில் விட்டிருக்கும் வீடுகளில் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். அப்பா ஒன்று சொல்வார், அப்பத்தா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று சொல்வார்! குழம்பிப் போவது நீங்கள்தான். பதற வேண்டாம். முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொடைக்கானலில் உருவான பாடம்

மாண்டிசோரி என்றாலே மழலையர் பள்ளி என்று நாம் நினைப்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரில் தொடங்கிய முதல் பள்ளி, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கானதுதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் இந்தியா வந்தார். அடுத்த வருடமே இத்தாலி போரில் குதிக்க, இத்தாலியரான அவர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். நினைத்த இடத்துக்குப் போக முடியாத நிலை. 1942 முதல் 1944 வரை அவர் தங்கியிருந்த ஊர் எது தெரியுமா? பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலையின் மேலே... கொடைக்கானல்!

அங்கே பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் படித்தார்கள். மலையும் செடியும் பூச்சியுமே பாடமாயின. அம்மையாரும் மகன் மரியோவும், இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னாவும் சேர்ந்து உழைத்ததில், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கான கல்வி அங்கேதான் வடிவம் பெற்றது. ஆகவே, ஆறு வயதோடு மாண்டிசோரி முடிந்துவிடுகிறது என்பது சரியல்ல. ஆறுக்கு மேல் அது வேறு மாதிரி ஆகிறது என்பதே சரி.

பால் பல் விழும்போது...

பால் பல் விழத் தொடங்கும் இந்த வயதில் மனசும் மாறுகிறது என்றார் அம்மையார். அதுவரை தொட்டுப் பார்த்தே கற்ற குழந்தை, இப்போது 'ஏன்?' என்று கேட்கிறது. கூட்டு சேர்கிறது. "அவனுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று நியாயம் பேசுகிறது.

மயிலாடும்பாறையில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயசுப் பிள்ளை, "வைகை நம்ம வருசநாட்டு மலையிலதானே பொறக்குது? அப்புறம் ஏன்ப்பா கோடையில வெறும் மணலாக் கெடக்கு?" என்று கேட்கிறது. நல்ல மாண்டிசோரி வகுப்பில் இந்த ஒரு கேள்வியிலிருந்து மழை, காடு, விவசாயம், வரைபடம், கணக்கு என்று எல்லாம் கிளை விடும். பழைய மணியையும் கட்டையையுமே மறுபடி கொடுத்து உட்கார வைத்தால், அப்பத்தா சொன்னது நியாயம்தான்!

மார்க் குறையுமா?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குலுக்கலில் மாண்டிசோரி பள்ளியில் இடம் கிடைத்த குழந்தைகளையும், கிடைக்காமல் வேறு பள்ளிகளில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-ல் வெளியானது. ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் மாண்டிசோரி குழந்தைகள் முன்னால் இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் பாட அறிவில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சொந்தமாகக் கட்டுரை எழுதுவதிலும், சக பிள்ளைகளோடு பிரச்னை வந்தால் நிதானமாகச் சமாளிப்பதிலும் அவர்கள் ஒரு படி மேலே நின்றார்கள். மார்க்குக்காக மட்டும் என்றால், தொடர்வதால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

போர்டைப் பார்க்காதீர்கள்!

'மாண்டிசோரி' என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் பள்ளியில் இவற்றைக் கேளுங்கள்:

* ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே தனியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா? மழலையர் பயிற்சி மட்டும் போதாது.

* ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்கிறார்களா? நடுவில் மணி அடித்துக் கலைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கிறதா?

* தமிழ் எழுத, படிக்க எவ்வளவு நேரம்?

* இங்கே எந்த வகுப்பு வரை உண்டு? பிறகு பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்துக்குப் போகிறார்கள்?

மாற்றினால் என்ன ஆகும்?

ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 2009-ம் வருட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. பள்ளிக்கே போகாத பிள்ளையாக இருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்.

உள்ளூர் அரசுப் பள்ளி என்றால் வெறும் மனப்பாடம் என்றும் நினைக்காதீர்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் தமிழகம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், மாண்டிசோரிக்கு ஒருவகையில் உறவுதான். அட்டை, பாய், சிறு குழுக்கள், ஆசிரியரும் தரையில்! 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மாற்றுவதென்றால், நேரம் வைத்துக்கொண்டு எழுதவும், கரும்பலகையைப் பார்த்து எழுதவும் சில மாதம் முன்பே வீட்டில் பழக்குங்கள். தினமும் பதினைந்து நிமிடம் போதும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

பலரும் யோசிக்க மறப்பது இதைத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். தேனியில் நல்ல பள்ளி என்று பஸ்ஸில் அனுப்புகிறீர்கள். காலை ஐந்தரைக்கு எழுப்பி, இரவு பத்துக்குப் படுத்தால் கணக்கு ஏழரை மணிதான். எவ்வளவு உயர்ந்த கல்வியும் தூங்கி வழியும் குழந்தைக்கு ஏறாது.

பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிறதா? நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் திரும்பி வந்ததா? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்றால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாண்டிசோரியில் இருந்தாலும் சரி, வேறு பள்ளிக்கு மாற்றியிருந்தாலும் சரி, இது பொருந்தும்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிறதா, ஆரம்பித்த வேலையை முடிக்கிறதா, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறதா? தாராளமாகத் தொடருங்கள். 'இன்னும் ஒரு வருஷம்' என்று வைத்துக்கொண்டு, அரையாண்டில் மறுபடி யோசியுங்கள். ஆறு வயதில் எடுக்கும் முடிவை எட்டு வயதில் மாற்றினால் தலை போய்விடாது.

ஆனால் அதற்கு முன், பள்ளியில் அனுமதி வாங்கி, ஒரு காலைப்பொழுது அந்தப் பெரிய பிள்ளைகளின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் மூன்றையும் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்!